ரிமோட்டில் திரை கறுத்தால் எங்கே பார்ப்பது?

ரிமோட் டெஸ்க்டாப்பில் திரை தெரியவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில், "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க." அடுத்தது, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பல நேரம் இதில் சரியாகியும் விடுகிறது. ஆனால் எதனால் சரியானது என்று தெரியாமல் சரியான கோளாறு, சம்பளப் பட்டியல் போடுகிற அன்றைக்குத் திரும்பி வரும். நாம் இங்கே இருக்க, கணினி வேறொரு ஊரில் பூட்டிய அறைக்குள் இருக்கும்போது ரீஸ்டார்ட் கொடுத்து, அது திரும்ப எழுந்து வராமல் போனால் இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

அலுவலகக் கணினிகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். அதில் நான் நம்புவது இதைத்தான்: திரையில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று நிதானமாகக் கவனித்தாலே கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். செட்டிங்கில் கை வைப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

படம் வந்து சேரும் வழி

அங்கே இருக்கும் திரை இங்கே தெரிய ஐந்து வேலைகள் நடக்க வேண்டும். அந்தக் கணினி படத்தை வரைய வேண்டும். வரைந்ததை ரிமோட் மென்பொருள் பிடிக்க வேண்டும். பிடித்ததைச் சுருக்க வேண்டும். சுருக்கியதை நெட்வொர்க் கொண்டுவர வேண்டும். கடைசியாக, நம் கணினி அதைப் பிரித்து நம் திரை அளவுக்குக் காட்ட வேண்டும். எது நின்றாலும் நமக்கு "திரை சரியில்லை"தான். ஆனால் ஒவ்வொன்றும் நிற்கும்போது தெரிகிற அடையாளம் வேறு வேறு.

இதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரிமோட் மென்பொருள்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி. 1998-இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. இது அந்தக் கணினியில் நமக்கென்று தனியாக ஒரு செஷனைத் திறந்து, அதற்கென்று ஒரு கற்பனைத் திரையை உருவாக்கிக்கொள்கிறது. மானிட்டரில் என்ன ஓடுகிறது என்பது அதற்குத் தேவையில்லை. மானிட்டரே இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இன்னொன்று விஎன்சி குடும்பம். கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் விதிமுறை 2011-இல் ஆர்எஃப்சி 6143 என்ற ஆவணமாக வெளியானது. பெரும்பாலும் இது அந்தக் கணினியின் நிஜத் திரையில் இருக்கும் புள்ளிகளை அப்படியே எடுத்து அனுப்பும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவையும் நிஜத் திரையைப் பிடித்து அனுப்புகிற வகைதான். அதனால் அங்கே திரையே இல்லையென்றால் இவற்றுக்குப் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது.

நீங்கள் பயன்படுத்துவது எந்தக் குடும்பம் என்று தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

மவுஸ் நகர்கிறது, மற்றதெல்லாம் கறுப்பு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருநாள் இரவு வீட்டிலிருந்து கூப்பிட்டார். ஆர்டிபி வழியாக ஆபீஸ் சர்வருக்குள் போயிருக்கிறார்.

"அண்ணா, ஸ்கிரீன் முழுக்கக் கருப்பா இருக்குதுங்ணா. ஆனா மவுஸ் நல்லா நகருது. அப்ப சர்வர் நல்லாத்தானே இருக்குது?"

"மவுஸ் நகர்றத வெச்சு அப்படிச் சொல்ல முடியாது தம்பி. அம்புக்குறி எங்கயாவது உருவம் மாறுதா பாருங்க. அங்கங்க கொண்டு போங்க."

"ஒரு இடத்துல எழுத்து அடிக்கிற கோடு மாதிரி ஆகுதுங்ணா."

"அப்ப உங்க செஷன் உயிரோடதான் இருக்கு."

இது ஆர்டிபி-யில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மவுஸ் அம்புக்குறியை நகர்த்தி வரைவது நம் கணினி. சர்வர் அனுப்புவது அம்புக்குறியின் உருவத்தை மட்டும். அதனால் மவுஸ் நகர்வது அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அம்பு கோடாக மாறினாலோ, வட்டமாகச் சுற்றினாலோ, தகவல் அங்கிருந்து வருகிறது என்று அர்த்தம்.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். உள்ளூர்க் கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் செய்கிற வேலையை ரிமோட் செஷனுக்குள் இது செய்யும். லாக், சைன் அவுட், டாஸ்க் மேனேஜர் என்று பட்டியல் வந்தது. அப்படியானால் பிடிப்பது, சுருக்குவது, நெட்வொர்க், காட்டுவது எல்லாம் நன்றாக இருக்கின்றன. டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ்ப்ளோரர் மட்டும் படுத்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் புது டாஸ்க் திறந்து எக்ஸ்ப்ளோரர் என்று அடித்ததும் டாஸ்க்பாரும் ஐகான்களும் வந்துவிட்டன. அவர் திறந்து வைத்திருந்த கணக்குக் கோப்புகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால் அத்தனையும் மூடியிருக்கும், அதே சர்வரில் வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்களுடையதும் சேர்த்து.

அந்தப் பட்டியலும் வராமல் கறுப்பாகவே இருந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் போகும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து ஆர்டிபி செஷன்கள் டபிள்யூடிடிஎம் என்ற புதிய வகை டிஸ்ப்ளே டிரைவருக்கு மாறின. சில கிராபிக்ஸ் கார்டுகளோடு இது ஒத்துப்போகாமல் கறுப்புத் திரை வருவதுண்டு. குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் பகுதிக்குள், ரிமோட் செஷன் என்விரான்மென்ட் என்ற தலைப்பின் கீழ் இதை அணைக்க ஒரு விதி இருக்கிறது. அணைத்துவிட்டு அந்தக் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு முன் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது. ரீஸ்டார்ட் கொடுக்கும்போது அந்த இடத்தில் ஓர் ஆள் இருப்பது அதைவிட நல்லது.

மானிட்டர் இல்லாத கணினி

எனிடெஸ்க், விஎன்சி வகைகளில் "நேற்றுவரை வந்தது, இன்றைக்குக் கறுப்பு" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அங்க மானிட்டரை யாராவது கழட்டினீங்களா?" வேறு மேசைக்கு மானிட்டர் தேவைப்பட்டு எடுத்துப் போயிருப்பார்கள். மடிக்கணினியாக இருந்தால் மூடியை மூடி வைத்திருப்பார்கள்.

விண்டோஸில் இவ்வகை மென்பொருள்கள் பல, விண்டோஸ் 8-இல் வந்த டெஸ்க்டாப் டூப்ளிகேஷன் என்ற வசதியைக்கொண்டு திரையைப் பிடிக்கின்றன. அது கிராபிக்ஸ் கார்டின் வெளியீட்டை நகலெடுக்கிறது. மானிட்டர் இல்லையென்றால் பல கார்டுகள் வெளியீடே தருவதில்லை. இதற்குச் சுலபமான தீர்வு டம்மி பிளக். ஹெச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டால் மானிட்டர் இருப்பதாகக் கார்டு எடுத்துக்கொள்ளும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. ஆளில்லா அறையில் ஓடும் கணினி ஒவ்வொன்றிலும் ஒன்று செருகி வைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது உண்டு.

பழைய ராஸ்பெர்ரி பை கணினிகளில் இதே சிக்கலுக்கு கான்ஃபிக் கோப்பில் ஹெச்டிஎம்ஐ ஃபோர்ஸ் ஹாட்பிளக் என்ற வரியைச் சேர்த்தால் போதும். மானிட்டர் இருக்கிறதோ இல்லையோ, வெளியீடு வந்துகொண்டே இருக்கும்.

லினக்ஸில் இரண்டு சிக்கல்கள்

உபுண்டுவில் எக்ஸ்ஆர்டிபி போட்டவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்: பாஸ்வேர்டு ஏற்கிறது, ஒரு நொடி கறுப்பாகிறது, பிறகு இணைப்பே அறுந்துவிடுகிறது. பல நேரம் காரணம், அதே பயனர் அந்தக் கணினியின் முன்னால் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதுதான். ஒரே பயனருக்கு இரண்டு நோம் டெஸ்க்டாப்புகள் ஒரே நேரத்தில் ஓடும்போது மோதிக்கொள்கின்றன. அங்கே லாக் அவுட் செய்துவிட்டு வந்தால் திரை வந்துவிடும். தினமும் இது தேவைப்படுகிறவர்கள் ரிமோட்டுக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அதில் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்வது நிம்மதி.

இரண்டாவது, லினக்ஸில் திரையை வரையும் புதிய முறையான வேலண்ட். பழைய எக்ஸ்11 முறையில் எந்த மென்பொருளும் முழுத் திரையையும் பார்க்கலாம். யாரோ நிறுவிவிட்ட ஒரு நிரல் நம் பாஸ்வேர்டு பெட்டியைக்கூடப் படம் எடுக்கலாம். வேலண்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. திரையைப் பிடிக்க வேண்டுமென்றால் பயனரிடம் அனுமதி கேட்டு, அதற்கென்று உள்ள வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழி தெரியாத பழைய ரிமோட் மென்பொருள்களுக்குக் கறுப்புத்தான் கிடைக்கும். உபுண்டு 21.04-இலிருந்து வேலண்ட்தான் இயல்பாக வருகிறது. ராஸ்பெர்ரி பை இயங்குதளமும் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பில் வேலண்டுக்கு மாறி, வேவிஎன்சி என்ற புதிய சர்வரைச் சேர்த்துக்கொண்டது. எனவே "அப்டேட் பண்ணினதும் போயிடுச்சு" என்று சொல்பவரிடம், லாகின் திரையில் எக்ஸ்ஆர்க் செஷன் (பழைய எக்ஸ்11 முறை) என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதில் நுழைந்து சோதிக்கலாம். இல்லையென்றால் வேலண்டை அறிந்த மென்பொருளுக்கு மாறுவதுதான் வழி.

பாஸ்வேர்டு ஏற்கிறது, படம் வரவில்லை

நெட்வொர்க் கோளாறை நெட்வொர்க் கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். "பாஸ்வேர்டெல்லாம் எடுத்துக்குச்சே, அப்புறம் எப்படி நெட்வொர்க்கா இருக்கும்?" என்று கேட்பார்கள். ஆர்டிபி-யில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைப் பெரும்பாலும் நம் கணினியே வரைகிறது. விஸ்டாவில் வந்த நெட்வொர்க் லெவல் ஆதன்டிகேஷன் முறை அப்படி. முதலில் அடையாளம் சரிபார்க்கப்படும், படம் வரத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். அந்தச் சரிபார்ப்புக்குக் கொஞ்சம் டேட்டா போதும், படத்துக்குப் பெரிய பெரிய பாக்கெட்டுகள் வேண்டும்.

கரூரில் ஒரு கிளை அலுவலகம், கோவையில் தலைமை அலுவலகம், நடுவே விபிஎன். லாகின் ஆகும், உடனே கறுப்பாகி அப்படியே நிற்கும். கரூர் அலுவலகத்தில் இருந்த மேடம் ஒருவர் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது: "என் போன் ஹாட்ஸ்பாட்ல போட்டா நல்லா வருது சார்."

சர்வர் அதே, கணினி அதே, விபிஎன் மட்டும் வேறு பாதையில் போகிறது. அப்போது எம்டியு-வைப் பார்க்க வேண்டும். ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்கிற வரம்பு அது. ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட். பிபிபிஓஇ முறையில் இணையும் பிராட்பேண்டில் 8 பைட் போய் 1492. விபிஎன் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பெரிய பாக்கெட் வந்து நிற்கும்போது, "இது பெரிது, சின்னதாக அனுப்பு" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், சர்வருக்கு விஷயமே தெரியாது. உயரம் குறைந்த ரயில்வே பாலத்துக்கு அடியில் பைக்குகள் போய்க்கொண்டே இருக்க, கன்டெய்னர் லாரி மட்டும் மாட்டிக்கொள்வது போன்றதுதான் இது. பாஸ்வேர்டு போய்விடும், படம் மாட்டிக்கொள்ளும்.

இதைச் சோதிப்பது எளிது. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையோடு, பாக்கெட்டை உடைக்காதே என்று சொல்லும் எஃப் குறியையும், அளவைச் சொல்லும் எல் குறியையும் சேர்க்க வேண்டும். முதலில் 1472 என்று அளவு கொடுங்கள். தலைப்புக்கு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். பதில் வரவில்லையென்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் பதில் வருகிறதோ, அதோடு 28-ஐக் கூட்டினால் அதுதான் அந்தப் பாதை தாங்கும் அளவு. விபிஎன் செட்டிங்கில் எம்டியு-வை அதற்குத் தகுந்தாற்போல் குறைத்தால் போதும். கரூரில் அதைச் செய்த பிறகு திரை வந்துவிட்டது. ஆர்டிபி-யில் ஒன்றையும் தொடவில்லை.

எம்டியு சரியாக இருந்தும் இடையிடையே படம் உறைந்து மீண்டும் இணைகிறதென்றால் யுடிபி-யைச் சந்தேகியுங்கள். 2012-இல் வந்த ஆர்டிபி 8.0 முதல், டிசிபி-யோடு யுடிபி-யும் சேர்ந்து படத்தைக் கொண்டுவருகிறது. சில ஃபயர்வால்கள் யுடிபி-யை அரைகுறையாக விடும். நம் பக்கத்துக் கணினியின் குரூப் பாலிசியில் கிளையன்ட்டில் யுடிபி-யை அணைக்கும் விதி உண்டு. அணைத்து ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய படத்தின் துண்டுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்பது வேறு கதை. அது நம் கணினியில் சேமித்துவைத்த பிட்மேப் கேஷ் கெட்டுப்போனதன் அடையாளம். ஆர்டிபி இணைப்புப் பெட்டியில் எக்ஸ்பீரியன்ஸ் பகுதிக்குப் போய் பெர்சிஸ்டென்ட் பிட்மேப் கேஷிங் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு இணைத்துப் பாருங்கள்.

படம் வருகிறது, படிக்க முடியவில்லை

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது தனி வேதனை. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி திரையில் ஓரிரு பிக்சல்தான். மென்பொருள் படத்தை அதிகமாகச் சுருக்கும்போது அந்தப் புள்ளி சுற்றியுள்ள வெள்ளையோடு கரைந்துபோகும். பயனாளிகள் பட்டியலில் பெயர்களைச் சரிபார்க்கிறவருக்கு 'ன்'னும் 'ன'வும் ஒன்றாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் ஆவணம் பார்க்கிற வேலை என்றால் மென்பொருளில் வேகத்துக்குப் பதில் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆர்டிபி-யில் ஃபான்ட் ஸ்மூதிங் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கறுப்பு எழுத்து தெளிவாக இருக்க, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கித் தெரிகிறதா? அது வண்ணச் சுருக்கம். வீடியோ முறையில் சுருக்கும்போது வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் போகும். வண்ணம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகப் போகும். சினிமா பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிக்கனம், எழுத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆர்டிபி 10-இல் ஏவிசி 444 என்ற முறை இதற்காகவே வந்தது. விண்டோஸ் 10, சர்வர் 2016 முதல் குரூப் பாலிசியில் அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

எழுத்து எறும்பு அளவில் பொடியாகத் தெரிந்தால் அது ஸ்கேலிங். நம் மடிக்கணினி 200 சதவீதத்தில் இருக்கும், பழைய சர்வருக்கு அந்த அளவு போய்ச் சேராது. இணைப்பின் மேல்பட்டை மெனுவில் ஸ்மார்ட் சைஸிங், ஜூம் என்று இரண்டு வசதிகள் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். புதிய விண்டோஸில் சில புரோகிராம்கள் மட்டும் மங்கலாக இருந்தால் சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழையுங்கள். இணைப்பை மூடும் எக்ஸ் குறியை அழுத்தினால் செஷன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், பழைய அளவுகளும் மாறாமல் இருக்கும்.

இரண்டு மானிட்டரில் வேலை செய்து, பிறகு ஒன்றில் இணையும்போது ஒரு விண்டோ காணாமல் போனால், டாஸ்க்பாரில் அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஸ்பேஸ், பிறகு எம் அழுத்தி, அம்புக்குறிகளால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ஆல்ட், ஸ்பேஸ் நம் கணினிக்கே போய்விடாமல் இருக்க, ரிமோட்டை முழுத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற இடங்கள்

எல்லாக் கறுப்பும் கோளாறு கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மேக் கணினியில் வால்பேப்பர் மட்டும் தெரிந்து, திறந்திருக்கும் எந்த விண்டோவும் தெரியாவிட்டால், அனுமதி கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். 2019-இல் வந்த கேட்டலீனாவிலிருந்து, பிரைவசி பகுதியில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால்தான் விண்டோக்கள் தெரியும். விண்டோஸில் அட்மின் அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது ரிமோட் திரை உறைந்தாலோ கறுத்தாலோ, அந்தப் பெட்டி தனியான பாதுகாப்பு டெஸ்க்டாப்பில் இருக்கிறது என்று பொருள். ரிமோட் மென்பொருளை அட்மின் உரிமையோடு முறையாக நிறுவுங்கள், அல்லது அங்கே இருப்பவரை யெஸ் அழுத்தச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு போனை ரிமோட்டில் பார்க்கும்போது வங்கிச் செயலி கறுப்பாகத் தெரிந்தால், அதை எழுதியவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ரிமோட் செயலிகளைப் போனில் நிறுவச் சொல்லிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. "பேங்க் ஸ்கிரீன் தெரியலீங்களே, ஒரு செட்டிங் மாத்துங்க" என்று முன்பின் தெரியாத ஒருவர் போனில் சொன்னால், உடனே இணைப்பைத் துண்டியுங்கள். வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அந்தக் கறுப்புத் திரை அவர்களுடைய சேமிப்புக்குக் காவல்.

உதவி கேட்பதற்கு முன்

யாரையாவது அழைப்பதற்கு முன் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. எந்த மென்பொருள், அந்தப் பக்கம் எந்த இயங்குதளம்?
2. கறுப்பு எப்போது வந்தது: பாஸ்வேர்டுக்கு முன்பா, பின்பா, வேலைக்கு நடுவிலா?
3. மவுஸ் அம்புக்குறியின் உருவம் மாறுகிறதா?
4. அந்தக் கணினியின் முன்னால் ஆள் இருக்கிறாரா? அவருடைய திரையில் என்ன தெரிகிறது?
5. வேறு நெட்வொர்க்கில், உதாரணமாகப் போன் ஹாட்ஸ்பாட்டில், எப்படி வருகிறது?
6. கடைசியாக அங்கே என்ன மாறியது: அப்டேட், மானிட்டர், ரவுட்டர்?

நான்காவது கேள்வியை யாரும் விட்டுவிடக்கூடாது என்பேன். அவருடைய திரையும் கறுப்பென்றால் கோளாறு வரைவதில். அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியவில்லையென்றால் மற்ற நான்கில். ஆர்டிபி-க்கு மட்டும் இது பொருந்தாது. அதில் அவர் பார்ப்பதும் நாம் பார்ப்பதும் வேறு வேறு திரை.

சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சரியானதும் தேதி, தெரிந்த அறிகுறி, மாற்றிய செட்டிங் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தக் கணினியின் பெயரையும் பக்கத்தில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அதே கறுப்பு வரும்போது நீங்கள் லீவில் இருந்தாலும், அந்த நோட்டைப் பார்த்து இன்னொருவர் சரிசெய்துவிடுவார்.